ஸ்பேர் பேட்டரியை ரைஃபிளிலேயே வைப்பது எப்படி: எந்த செல், எந்த இடம், எங்கே தவறு நடக்கிறது

கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் ரெட் டாட், ஹாலோகிராஃபிக் சைட் இரண்டுமே பேட்டரி தீர்ந்த நொடியில் வெறும் கண்ணாடி. புள்ளி இல்லையென்றால் குறி இல்லை. மாற்று பேட்டரி வீட்டு மேசை டிராயரிலோ, அரை மைல் தள்ளி நிற்கும் வண்டியிலோ இருந்தால் அந்த நேரத்துக்கு அது உதவாது. அதனால் அமெரிக்காவில் ஏஆர்-15 வகை ரைஃபிள் வைத்திருக்கும் வேட்டைக்காரர்களும் போட்டியாளர்களும் ஸ்பேர் பேட்டரியைத் துப்பாக்கியிலேயே, கிரிப்புக்குள்ளோ (கைப்பிடி) ஸ்டாக்குக்குள்ளோ (தோளில் வைக்கும் கட்டை) வைக்கிறார்கள்.

பழக்கம் நல்லது. பலர் செய்யும் விதம்தான் சரியில்லை. கிரிப் மூடியைத் திறந்து இரண்டு பட்டன் பேட்டரியை அப்படியே உள்ளே போட்டு மூடிவிடுகிறார்கள். ஒவ்வொரு சுடுதலிலும் அவை உள்ளே குலுங்கும், ஒன்றோடொன்று உரசும், சில சமயம் ஒன்றையொன்று ஷார்ட் செய்து தாமே தீர்ந்தும் போகும். தேவைப்படும் நாளில் எடுத்தால் ஸ்பேரும் செத்திருக்கும். பேட்டரியைச் சரியான உறையில், சரியான இடத்தில், அதை மாற்றத் தேவையான கருவியோடும் தேதியோடும் வைத்தால்தான் அது ஸ்பேர்.

இங்கே சொல்வது ஏஆர்-15 வகையை மனதில் வைத்து. கிரிப்பிலும் ஸ்டாக்கிலும் உள்ளே வெற்றிடம் வைத்த பாகங்கள் அதற்குத்தான் அதிகம் கிடைக்கின்றன. மற்ற ரைஃபிள்களுக்கு இடம் மாறும், முறை மாறாது.

உங்கள் ஆப்டிக் எவ்வளவு தின்னும்?

எத்தனை ஸ்பேர் வேண்டும் என்பதை முடிவு செய்வது ஆப்டிக்கின், அதாவது குறிபார்க்கும் கருவியின், மின் தேவைதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

எய்ம்பாயிண்ட் மைக்ரோ டி-2 ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரியில் 50,000 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. இந்த பேட்டரியின் கொள்ளளவு சுமார் 225 மில்லி ஆம்பியர் மணி. வகுத்துப் பார்த்தால் அந்த சைட் எடுத்துக்கொள்வது சுமார் 4.5 மைக்ரோ ஆம்பியர். அணைக்காமலே வைத்திருந்தாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் வரும். ஈஓடெக் எக்ஸ்பிஎஸ் வகை ஹாலோகிராஃபிக் சைட்டுக்கு ஒரு சிஆர்123ஏ உருளை பேட்டரி தேவை. அதன் கொள்ளளவு சுமார் 1,500 மில்லி ஆம்பியர் மணி, ஓட்டம் நடுத்தர வெளிச்சத்தில் 1,000 மணி நேர அளவில். அதாவது சுமார் 1.5 மில்லி ஆம்பியர். இரண்டையும் ஒப்பிட்டால் முன்னூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஈஓடெக் லேசரை எரிக்கிறது, ரெட் டாட் ஒரு சிறு எல்இடியை எரிக்கிறது, அதனால்தான் இந்த இடைவெளி. பேட்டரியைக் காக்க ஈஓடெக் தானாகவே அணைந்துவிடும்: மேல் பட்டனை அழுத்தி எரியவிட்டால் எட்டு மணி நேரத்தில், கீழ் பட்டன் என்றால் நான்கு மணி நேரத்தில்.

ரைஃபிளில் பொருத்தும் டார்ச் இன்னும் பெரிய தீனிக்காரன். ஷூர்ஃபயர் எம்600 வகை டார்ச் இரண்டு சிஆர்123ஏ செல்களைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும்.

இதிலிருந்து வருவதுதான் எங்கள் முதல் பரிந்துரை. சிஆர்2032-இல் வருஷக்கணக்கில் ஓடும் ரெட் டாட் மட்டும் இருந்தால் ஒரே ஒரு ஸ்பேர் போதும். வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றுவதுதான் அங்கே உண்மையான காப்பு. ஈஓடெக், டார்ச், லேசர் கருவி இவற்றில் எது இருந்தாலும் துப்பாக்கியில் இருக்கும் ஸ்பேருக்கு உண்மையாகவே வேலை உண்டு, எண்ணிக்கையும் கூட வேண்டும். எல்பிவிஓ (குறைந்த அளவிலிருந்து உருப்பெருக்கத்தை மாற்றும்) ஸ்கோப்புகளிலும் ப்ரிஸம் சைட்டுகளிலும் குறிக்கோடு கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பேட்டரி போனாலும் கறுப்புக் கோடாகத் தெரியும். அங்கே ஸ்பேர் ஒரு வசதி, அவ்வளவுதான்.

நிறுவனங்கள் சொல்லும் மணி நேரம் நடுத்தர வெளிச்ச அளவுக்கானது. வெயிலுக்காக உச்ச அளவில் வைத்துவிட்டு மறந்தால் அந்தக் கணக்கு செல்லாது. அசைவை உணர்ந்து தானே எரியும் சைட்டுகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. சிக் சாவர் ரோமியோ5 இந்த வகை. அசையாமல் கிடந்தால் சில நிமிடத்தில் அணைந்துவிடும், ஆனால் ஓடும் வண்டியின் பின்னால் கிடக்கும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் விழித்துக்கொண்டே வரும்.

செல்லை அடையாளம் காண்பது

சைட்டின் கையேட்டில் உள்ள எழுத்தையும் எண்ணையும் அப்படியே பார்த்து வாங்குங்கள். தோற்றம் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கும்.

சிஆர்2032: 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், எடை சுமார் 3 கிராம். பெரும்பாலான ரெட் டாட்டுகளும் ஸ்கோப்புகளும் இதைத்தான் கேட்கும். சிஆர்2025 அதே விட்டம், ஆனால் 2.5 மி.மீ. தடிமன். உள்ளே போகும், எரியவும் எரியும், சுடும்போது தொடுமுனை விட்டுப்போய் புள்ளி கண் சிமிட்டும். சிஆர்1632 இன்னும் சிறியது, 16 மி.மீ. ஹோலோசன் 507சி போன்ற சிறு சைட்டுகளில் வரும்.

சிஆர்123ஏ: 17 மி.மீ. விட்டம், 34.5 மி.மீ. நீளம், சுமார் 17 கிராம்.

1/3என்: எய்ம்பாயிண்ட் ப்ரோ கேட்பது இதைத்தான். மூன்று வோல்ட், சுமார் 11.6 மி.மீ. விட்டம். மூலைக்கடையில் பெரும்பாலும் கிடைக்காது. இந்த சைட் வைத்திருப்பவர்கள் ஸ்பேரை முன்கூட்டியே வாங்கி வைப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஏஏ: எய்ம்பாயிண்ட் காம்ப்எம்4 இதில் ஓடும், 80,000 மணி நேரம் என்பது நிறுவனக் கணக்கு. காம்ப்எம்5-க்கு ஏஏஏ. இந்த இரண்டு அளவிலும் ஆல்கலைன் செல்லைத் துப்பாக்கிக்குள் சேமித்து வைக்காதீர்கள். நாள்பட்டால் கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தொடுமுனையை அரித்துவிடும். லித்தியம் ஏஏ, அதாவது எனர்ஜைசர் எல்91 போன்றது, விலை கூடுதல்தான். ஆனால் எடை சுமார் 15 கிராம், கசிவது மிக அரிது, மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும்.

ரீசார்ஜ் செய்யும் வகைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்ஐஆர்2032, ஆர்சிஆர்123ஏ என்று விற்கப்படுபவை முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் தரும். மூன்று வோல்ட்டுக்கு வடிவமைத்த சைட்டில் போட்டால் உள்ளிருக்கும் சர்க்யூட் எரிந்துபோகலாம். கையேடு அனுமதித்தால் தவிர வேண்டாம்.

பட்டன் பேட்டரி வாங்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். குழந்தைகள் விழுங்காமல் இருக்க சில பிராண்டுகள் பேட்டரியின் மேல் கசப்புப் பூச்சு பூசுகின்றன. சில கருவிகளில் அந்தப் பூச்சே தொடுமுனைக்கும் செல்லுக்கும் நடுவில் தடையாகிவிடுகிறது. புது பேட்டரி போட்டும் சைட் எரியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தொடுமுனை படும் இடத்தைத் துடைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். ஸ்பேராக வைக்கப் பூச்சு இல்லாத பிராண்டே நல்லது. பூச்சு இல்லாததால் குழந்தைகள் விஷயத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும், அதைக் கீழே சொல்கிறோம்.

எந்த இடம்?

மூன்று இடங்கள் உண்டு: பிஸ்டல் கிரிப், ஸ்டாக், முன்பக்கக் கைப்பிடி.

பிஸ்டல் கிரிப்தான் எங்கள் முதல் தேர்வு. எடை கைக்குள்ளேயே இருப்பதால் துப்பாக்கியின் சமநிலை மாறாது. மேக்புல் எம்ஓஇ, பிசிஎம் கன்ஃபைட்டர், டேங்கோடவுன் பேட்டில் கிரிப் ஆகியவற்றில் அடியில் மூடியோடு வெற்றிடம் உண்டு. எம்ஓஇ கிரிப்புக்குள் செருக சிஆர்123ஏ பிடித்துக்கொள்ளும் தனி உள்ளுறையை மேக்புல் விற்கிறது. பட்டன் பேட்டரி மட்டும் என்றால் அது தேவையில்லை. பழைய ஏ2 கிரிப்பின் அடி திறந்தே இருக்கும், அதற்கென்று ரப்பர் அடைப்பான் வாங்கிப் போடலாம்.

ஸ்டாக் இரண்டாவது. சிஆர்123ஏ நிறைய வேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் க்ரேன் ஆயுத மையத்திலிருந்து வந்ததால் ‘க்ரேன் ஸ்டாக்’ என்று பெயர் பெற்ற சாப்மாட் ஸ்டாக்கில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள் உண்டு. எல்எம்டி, பி5 சிஸ்டம்ஸ் இரண்டும் இதைச் செய்கின்றன. மேக்புல் எஸ்டிஆர், ஏசிஎஸ் ஸ்டாக்குகளிலும் இதே அமைப்பு. ஒரு குழாயில் மூன்று சிஆர்123ஏ அல்லது இரண்டு ஏஏ போகும். மூடியில் ரப்பர் சீல் இருப்பதால் மழை உள்ளே வராது. இரண்டு பக்கமும் நிரப்பினால் ஆறு செல், நூறு கிராமுக்குச் சற்று அதிகம். தோளோடு ஒட்டிய எடை என்பதால் பாரமாகத் தெரியாது. குழலின் முன்பக்கம் டார்ச்சும் லேசரும் தொங்கும் ரைஃபிளில் இது சமநிலைக்கு உதவக்கூட செய்யும்.

முன்பக்கச் செங்குத்துக் கைப்பிடி கடைசித் தேர்வு. உள்ளே இடம் இருக்கிறது, ஆனால் எடை முன்னால் போய் உட்காரும், குழலின் சூட்டுக்கும் அருகில் இருக்கும். சட்டமும் குறுக்கே வரும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி கைத்துப்பாக்கி வகையைச் சேர்ந்த ஆயுதத்தில் செங்குத்துக் கைப்பிடி மாட்டினால் அது பொதுவாக வேறு வகை ஆயுதமாகி, தனிப் பதிவு தேவைப்படும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் ரைஃபிளில்கூட பிஸ்டல் கிரிப், நீளம் மாற்றும் ஸ்டாக், முன்பக்கக் கைப்பிடி மூன்றுமே கணக்கில் எடுக்கப்படும் அம்சங்கள். பாகம் வாங்குமுன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

சில எல்பிவிஓ ஸ்கோப்புகளின் பக்கவாட்டு டர்ரெட் (திருகு குமிழ்) மூடிக்குள்ளேயே ஒரு சிஆர்2032 வைக்க இடம் விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் தேடலே வேண்டாம். மூடியைத் திறந்தால் பேட்டரி, பக்கத்திலேயே அது போக வேண்டிய இடம்.

பட்டன் பேட்டரியைப் பொதிவது

ஒரு சிஆர்2032-ஐக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். ப்ளஸ் பக்கத் தகடு அப்படியே மடிந்து விளிம்பு முழுவதையும் சுற்றி வருகிறது. அடுத்த பக்கத்தில் சற்று உள்வாங்கிய வட்டம்தான் மைனஸ். இரண்டுக்கும் நடுவே தெரிவது மயிரிழை அளவு பிளாஸ்டிக் வளையம். அதனால் எந்த உலோகத் துண்டு அந்த விளிம்பில் குறுக்கே படிந்தாலும் ஷார்ட். இரண்டு பேட்டரிகளை ஒன்றாகப் போட்டால் ஒன்றின் விளிம்பே இன்னொன்றுக்கு அந்த உலோகத் துண்டாகிவிடும். முகங்களை மட்டும் மூடினால் போதாது, விளிம்பையும் மூட வேண்டும்.

சுலபமான வழி கம்பெனி உறையையே பயன்படுத்துவது. ஐந்து பேட்டரி வரிசையாக வரும் பட்டையில் ஒரு குமிழை, சுற்றிலும் 3 மி.மீ. விட்டு வெட்டி எடுங்கள். சீல் உடையக்கூடாது. கிரிப்பின் உள் அகலத்தை முதலில் அளந்துவிடுங்கள், உறை பெரிதாக இருந்து மடக்கித் திணித்தால் ஓரம் பிரிந்துவிடும்.

உறை போகவில்லை என்றால் பெயிண்டர்கள் பயன்படுத்தும் நீல மாஸ்கிங் டேப்பை 25 மி.மீ. அகலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். 70 மி.மீ. நீளம் வெட்டி, பேட்டரியை ஒரு பாதியின் நடுவில் வைத்து, மறுபாதியை மேலே மடியுங்கள். விளிம்பைச் சுற்றி டேப்போடு டேப் ஒட்டும்படி நகத்தால் அழுத்துங்கள். ஒரு முனையை 10 மி.மீ. மடித்து வால் போல விடுங்கள். கையுறையோடு உரிக்க அந்த வால்தான் கைகொடுக்கும். வாலின் மேல் பேனாவால் மாதமும் வருஷமும் எழுதுங்கள்.

கறுப்பு வினைல் இன்சுலேஷன் டேப் வேண்டாம். வெயிலில் அதன் பசை இளகி பேட்டரியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், உரித்த பிறகும் அந்தப் பசையே மின்சாரத்தைத் தடுக்கும். ஹீட் ஷ்ரிங்க் குழாயும் வேண்டாம். அதைச் சுருக்கக் காட்டும் சூடு பேட்டரி தாங்கும் 60 டிகிரியைத் தாண்டிவிடும்.

பொதிந்த பேட்டரி உள்ளே ஆடக்கூடாது. துப்பாக்கி துடைக்கும் சுத்தமான, காய்ந்த காட்டன் பேட்ச் இரண்டு மூன்றை மேலும் கீழும் வைத்து நிரப்புங்கள். மூடியை மூடி, காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வரக்கூடாது. வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சத்தம் தனியாகவே ஒரு பிரச்சினை.

எண்ணெய்க் குப்பியை அதே வெற்றிடத்தில் வைக்க வேண்டாம். துப்பாக்கி எண்ணெய் எப்படியாவது கசியும், மாஸ்கிங் டேப்பை ஊறவைத்துப் பிரித்துவிடும், தொடுமுனையிலும் படலமாகப் படியும். ஸ்பேர் ஃபயரிங் பின், ஸ்பிரிங் போன்ற உலோகச் சாமான்களும் கூடவே கூடாது.

கிரிப் மாற்ற வேண்டியிருந்தால்

எந்த வேலைக்கும் முன்பு மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பூட்டுங்கள், தோட்டா அமரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். வேலை செய்யும் மேசையில் தோட்டா எதுவும் இருக்கக்கூடாது.

ஏஆர்-15 கிரிப்பை ஒரே ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கிறது. கிரிப்பின் உள்ளே, மேலே ஆழத்தில் இருக்கும். நீளமான கருவி வேண்டும். அதைக் கழற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, சேஃப்டி லீவருக்கான சின்ன ஸ்பிரிங் கிரிப்பின் மேல் விளிம்பில், வலது பக்கத் துளையில் நிற்கிறது என்பது. கிரிப் இறங்கியதும் அது துள்ளி விழும். அதோடு டிடென்ட் என்ற குட்டி உலோக முனையும் துப்பாக்கியின் உடல் பகுதியான ரிசீவரிலிருந்து நழுவி விழலாம். அதனால் ரைஃபிளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, கிரிப்பை நேராக மெதுவாக மேலே தூக்குங்கள்.

புது கிரிப்பின் துளையில் ஸ்பிரிங்கைச் செருகி, நேராக நிற்கிறதா என்று பார்த்து, ரிசீவரில் உள்ள துளைக்கு நேராக இறக்குங்கள். கோணலாக இறக்கினால் ஸ்பிரிங் மடங்கிவிடும், சேஃப்டி கல் போல இறுகும் அல்லது தொளதொளவென்று ஆடும். ஸ்க்ரூவை முதலில் விரலால் சுற்றி மறை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே கருவியால் இறுக்குங்கள். முடித்ததும் சேஃப்டி இரண்டு நிலைகளிலும் ‘டக்’ என்று விழுகிறதா, சேஃப் நிலையில் ட்ரிக்கர் அசையாமல் நிற்கிறதா என்று சோதியுங்கள். இது சரியாக இல்லாமல் அந்த ரைஃபிளை வெளியே எடுக்க வேண்டாம்.

ஸ்டாக் குழாய்களை நிரப்புவது

ஸ்டாக் வாங்கும்போது அது ஏறும் பஃபர் குழாயின் விட்டத்தைப் பாருங்கள். மில்-ஸ்பெக் வகை சுமார் 29.2 மி.மீ., கமர்ஷியல் வகை சுமார் 29.7 மி.மீ. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் மில்-ஸ்பெக் ஸ்டாக் கமர்ஷியல் குழாயில் ஏறாது. கமர்ஷியல் ஸ்டாக்கை மில்-ஸ்பெக் குழாயில் மாட்டினால் ஆடும்.

மூன்று சிஆர்123ஏ வரிசையாக வைத்தால் 103.5 மி.மீ. குழாயில் அதற்குமேல் மிஞ்சும் சில மில்லிமீட்டரில்தான் எல்லாப் பிரச்சினையும். சுடும்போது ஸ்டாக் பின்னால் பாயும், பேட்டரி இருந்த இடத்தில் நிற்கப் பார்க்கும், பிறகு மோதும். குழாய் சுடும் திசைக்கு இணையாக இருப்பதால் அந்த மோதல் முழுவதும் ஒரு செல்லின் ப்ளஸ் முனைக்கும் அடுத்ததன் அடித்தகட்டுக்கும் நடுவில் நடக்கும். நூற்றுக்கணக்கில் சுட்ட பிறகு எடுத்துப் பார்த்தால் முனை அமுங்கி, பிளாஸ்டிக் உறை கிழிந்திருக்கும். மூடியின் உள்பக்கம் 2 முதல் 3 மி.மீ. ஃபோம் வட்டம் ஒன்றை வைத்து அழுத்தி மூடினால் இது நிற்கும். செல்களுக்கு நடுவே மெல்லிய அட்டை வட்டம் வைப்பதும் நல்லது. மூடி மூடவே சிரமப்படும் அளவுக்கு ஃபோம் தடித்துவிடக்கூடாது, தாழ்ப்பாள் பாதியில் நின்றால் நடக்கும்போது மூடி திறந்துகொள்ளும்.

இரண்டு செல் கேட்கும் டார்ச் இருந்தால் ஜோடியாக வையுங்கள். ஒரே பிராண்ட், ஒரே தேதி, இரண்டுக்கும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட். பழையது ஒன்றையும் புதியது ஒன்றையும் கலந்து போட்டால் பலவீனமான செல் தலைகீழாக மின்னூட்டம் பெறும். சூடேறும், வெடித்து நச்சுவாயு கக்கவும் கூடும். சிஆர்123ஏ விஷயத்தில் தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கருவியும் கூடவே

பேட்டரி இருக்கிறது, மூடியைத் திறக்க ஒன்றுமில்லை என்றால் என்ன பயன்? எய்ம்பாயிண்ட் மைக்ரோ, ட்ரிஜிகான் எம்ஆர்ஓ இரண்டின் மூடியும் ஒரு நாணயத்தால் திறக்கும். ஒரு நாணயத்தை டேப்பில் தனியாகச் சுற்றி, பேட்டரியிலிருந்து பேட்சால் பிரித்து வையுங்கள். ஹோலோசனின் பக்கவாட்டுத் தட்டுகளில் குட்டி ஸ்க்ரூ வரும், அதற்கான எல் வடிவச் சாவி சைட்டோடு வந்திருக்கும், அதை டேப்பில் சுற்றி வையுங்கள். ஈஓடெக் மூடியை விரலாலேயே திருகிவிடலாம்.

ட்ரிஜிகானின் வழக்கமான ஆர்எம்ஆர் மட்டும் தனிக் கதை. பேட்டரி அடியில் இருப்பதால் சைட்டையே அதைத் தாங்கும் மவுண்டிலிருந்து கழற்ற வேண்டும். களத்தில் செய்யக்கூடிய வேலை அல்ல, மறுபடி மாட்டிய பிறகு ஜீரோவையும், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படுகிறதா என்பதையும், சரிபார்க்க வேண்டும். அதற்கு ரைஃபிளில் ஸ்பேர் வைப்பதைவிட வருஷா வருஷம் ஒரு நாள் குறித்து வீட்டிலேயே மாற்றுவதுதான் புத்தி. ரெட் டாட் எதுவாக இருந்தாலும் மடக்கி வைக்கும் இரும்பு சைட் ஒரு ஜோடியும் வேண்டும். பேட்டரி போட்டும் எரியாத நாள் வரும்.

மாற்றும்போது

துப்பாக்கியைக் காலி செய்து சரிபார்த்த பிறகு சைட்டை அணையுங்கள். மூடியைத் திறந்து, பழைய பேட்டரி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கவனித்து எடுங்கள். காய்ந்த துணியால் தொடுமுனையைத் துடையுங்கள். மூடியில் இருக்கும் ஓ-ரிங் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். மணல் ஒரு துகள் இருந்தாலும் அதன் வழியே தண்ணீர் போகும். புது பேட்டரியின் டேப்பை முழுவதும் உரித்து, இரண்டு முகங்களையும் துடைத்துப் போடுங்கள். மூடியை முதலில் எதிர்த்திசையில் சுற்றி ‘க்ளிக்’ என்று மறை இறங்கும் இடத்தைப் பிடித்து, பிறகு மூடுங்கள். அலுமினிய மறை ஒருமுறை கோணலாக ஏறினால் போச்சு.

எரியவிட்டு எல்லா வெளிச்ச அளவுகளையும் ஒரு சுற்று பாருங்கள். உள்ளங்கையால் மவுண்டைத் தட்டிப் பார்த்து, புள்ளி சிமிட்டினால் தொடுமுனையில் கோளாறு.

கழற்றிய பேட்டரியின் மேல் மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போடுங்கள். செத்த பேட்டரியை ஸ்பேர் இடத்தில் வைத்து மூடிவிட்டு மறப்பது அடிக்கடி நடக்கிறது.

உயிரோடு இருக்கிறதா?

லித்தியம் செல் தீரும்வரை மின்னழுத்தத்தை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும். அதனால் மல்டிமீட்டரை நேராக வைத்துப் பார்ப்பது பாதிச் சோதனைதான். புது சிஆர்2032 சுமார் 3.2 வோல்ட் காட்டும், 3-க்குக் கீழே போயிருந்தால் தள்ளிவிடலாம். நிஜ நிலை தெரிய 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்து இரண்டு நொடி அளந்து பாருங்கள். நல்ல செல் 2.8 வோல்ட் அருகில் நிற்கும், 2.5-க்குக் கீழே சரிந்தால் ஸ்பேராக வைக்கத் தகுதியில்லை. சிஆர்123ஏ-க்கு 10 ஓம், 2 வாட் ரெசிஸ்டர்.

அலமாரியில் இருந்தால் நல்ல லித்தியம் செல் பத்து வருஷம் வரும். துப்பாக்கிக்குள் அதிர்விலும் சூட்டிலும் கிடப்பதற்கு அந்தக் கணக்கு வேண்டாம். வருஷத்தில் ஒரு நாளை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். அன்று கிரிப்பில் இருக்கும் ஸ்பேர் சைட்டுக்குள் போகட்டும், கடையிலிருந்து புதியது கிரிப்புக்குள் போகட்டும். கழற்றியதில் இன்னும் உயிர் இருந்தால் வீட்டு ரிமோட்டுக்கு.

குளிரும் வெயிலும்

மினசோட்டா, அலாஸ்கா மாதிரி இடங்களில் பனிக்கால வேட்டைக்குப் போகிறவர்கள் இங்கே ஒரு விலக்கு செய்ய வேண்டும். குளிரில் பட்டன் பேட்டரியின் உள்மின்தடை ஏறும், புள்ளி மங்கும். சைட்டில் இருக்கும் செல் குளிரால் படுத்துவிட்டால் கிரிப்பில் இருக்கும் செல்லும் அதே குளிரில்தான் இருக்கும். அந்த நாட்களில் ஸ்பேர் ஒன்றை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் ரைஃபிளைப் பெட்டியோடு வைத்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரம் பூக்கும், சீல் இல்லாத கிரிப்புக்குள்ளும் பூக்கும்.

அரிசோனா, டெக்சஸ் கோடையில் மூடிய காருக்குள் 60 டிகிரியை எட்டுவது அதிசயமில்லை. ரைஃபிளை அங்கே விடுவதே கூடாது. விட நேர்ந்திருந்தால் அந்த ஸ்பேரை மாற்றிவிடுங்கள்.

விமானத்தில்

பலர் தவறுவது இங்கேதான். அமெரிக்காவில் துப்பாக்கியை காலி செய்து, பூட்டிய கெட்டியான பெட்டியில், கவுண்டரில் அறிவித்து செக்-இன் லக்கேஜாகத்தான் கொண்டுபோக முடியும். கருவியில் பொருத்தாத லித்தியம் பேட்டரி செக்-இன் லக்கேஜில் போகக்கூடாது, கையில் எடுத்துச்செல்லும் பையில்தான் போக வேண்டும் என்பது விமானத்துறை விதி. கிரிப்புக்குள்ளும் ஸ்டாக்குக்குள்ளும் இருப்பவை பொருத்தாத பேட்டரிகள். பயணத்துக்கு முன் அத்தனையையும் எடுத்து, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் கைப்பையில் வையுங்கள். சைட்டுக்குள் பொருத்திய பேட்டரி இருக்கலாம், ஆனால் சைட் முழுவதும் அணைந்திருக்க வேண்டும், தற்செயலாக எரிந்துவிடாதபடி இருக்க வேண்டும். அசைவில் விழிக்கும் சைட் என்றால் அந்த வசதியை நிறுத்துங்கள், முடியாவிட்டால் பேட்டரியையே கழற்றிவிடுங்கள்.

வீட்டில் குழந்தை இருந்தால்

விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே திசுவைப் பொசுக்கிவிடும். அமெரிக்காவில் 2022-இல் வந்த ரீஸ் சட்டம் இந்த பேட்டரிகளுக்குக் குழந்தை திறக்க முடியாத உறையைக் கட்டாயமாக்கியது இதனால்தான். கத்தரியால் உறையை வெட்டி வைத்திருக்கும் நீங்கள் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டீர்கள். ரைஃபிள் பூட்டிய பெட்டகத்தில் இருக்கும்வரை கிரிப்புக்குள் இருப்பது பாதுகாப்புதான். மேசையில் மாற்றும்போது விழுந்து உருளும் ஒன்றுதான் ஆபத்து. எத்தனை எடுத்தீர்களோ அத்தனையும் கணக்கில் வரும்வரை அறைக் கதவைத் திறக்காதீர்கள். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

தீர்ந்தவற்றின் இரண்டு முகங்களிலும், பட்டன் பேட்டரி என்றால் விளிம்பிலும், டேப் ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, பேட்டரி வாங்கிக்கொள்ளும் கடைப் பெட்டியில் போடுங்கள். ‘செத்த’ லித்தியம் செல்லிலும் தீப்பொறி கிளப்பும் அளவுக்கு மிச்சம் இருக்கும், குப்பை லாரியில் அது நசுங்கினால் தீப்பிடிக்கும். கலிஃபோர்னியாவில் பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடுவதே சட்டவிரோதம்.